எல்லாம் பாஸ்... 240 ஃபெயில்!

"என்னம்மா சத்தம் அது? வீட்ல எதையாவது இடிக்கிறாங்களா?"

என் இன்டர்ன்ஷிப்பின் முதல் நாள், முதல் வீடியோ கால், முதல் கேள்வி இதுதான்! கேட்டவர் என் மென்ட்டர், பெங்களூருவிலிருந்து. நான் உட்கார்ந்திருந்தது மாமல்லபுரத்தில், ஐந்து ரதத்துக்குப் போகிற ரோட்டோரம், எங்கள் வீட்டுப் பின்கட்டில். அப்பா சிற்பி. வீட்டு முன்னாடியே பட்டறை. நான் சின்னப் பொண்ணாக இருந்தபோது உளிச்சத்தம் மட்டும்தான். 'டொக்... டொக்...' என்று தாலாட்டு மாதிரி இருக்கும். இப்போது கட்டர் மெஷின் வந்துவிட்டது. கருங்கல்லை அது அறுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினால்கூடக் கேட்காது.

"இல்ல சார்... அப்பா பிள்ளையார் பண்றாங்க."

அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் சிரிப்பு. "சரி, மியூட் போட்டுக்கோ. பேசும்போது மட்டும் எடு."

எட்டு வாரமும் அந்த மியூட் பட்டன்தான் என் உயிர்த்தோழி.

நான் படிப்பது செங்கல்பட்டு பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். இ.சி.இ. மூன்றாம் வருடம் முடிந்துவிட்டது. தினமும் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சீட் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் நின்றபடியே தூக்கம்!

எங்கள் கிளாஸில் இப்போது யாரைக் கேட்டாலும் "வி.எல்.எஸ்.ஐ தான் மச்சி என் ரூட்" என்பார்கள். அதாவது சிப் டிசைன். 2021 டிசம்பரில் மத்திய அரசு செமிகண்டக்டருக்கு என்று 76,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்ததிலிருந்து இந்தக் காய்ச்சல். எனக்குக் காய்ச்சல் வந்தது வேறு வழியில். ஐ.ஐ.டி. மெட்ராஸில் 'சக்தி' என்று ஒரு பிராசஸரை உருவாக்கி, 2018-ல் அதை நிஜ சிப்பாகவே கொண்டுவந்தார்கள் என்று ஃபர்ஸ்ட் இயரில் ஒரு மேடம் சொன்னார். எங்க ஊரிலிருந்து ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் சிப் செய்கிறார்களா! அன்றைக்குப் பிடித்தது.

ஆனா பிடிச்சா போதுமா? இன்டர்ன்ஷிப் வேணுமே!

ஏப்ரலில் ஒரு மெயில் வந்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்!' நான் அப்ளிகேஷனே போடவில்லை. போடாத பரீட்சையில் பாஸ்! கீழே பொடி எழுத்தில், 3,999 ரூபாய் கட்ட வேண்டும் என்று இருந்தது. நான் கட்டவில்லை. யோசித்து எடுத்த முடிவெல்லாம் இல்லை, கையில் காசு இல்லை, அவ்வளவுதான். என் ஃப்ரெண்ட் ஒருத்தி கட்டினாள். முதல் வாரத்திலேயே அவளுக்கு சர்ட்டிஃபிகேட் வந்துவிட்டது. 'எட்டு வாரம் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று! பாவம், அவள் அப்போது லாகின் கூடப் பண்ணவில்லை.

பெங்களூருவில் நேரில் போய்ச் செய்கிற மாதிரி ஒரு வாய்ப்பு வந்தது. வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கோபம் வந்தாலும், பி.ஜி. வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கூட்டிப் பார்த்தால் அவர்கள் தருகிற ஸ்டைப்பெண்டைவிட அதிகம். அதனால் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி தேட ஆரம்பித்தேன். மொத்தம் 43 மெயில். முதல் 30 மெயிலில் 'கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படக்கூடியவர்' என்று என் ரெஸ்யூமே. ஒரு பதில்கூட இல்லை.

சீனியர் அண்ணா ஒருத்தர்தான் கலாய்த்தார். "இந்த ரெஸ்யூமேவ உங்கம்மாகூட முழுசாப் படிக்க மாட்டாங்க. நீ என்ன செஞ்சிருக்கியோ அதைக் காட்டு."

நான் என்ன செய்திருக்கிறேன்? யோசித்தால்... ஒன்றுமே இல்லை! அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. என்.பி.டி.இ.எல்லில் ஐ.ஐ.டி. கரக்பூர் பேராசிரியர் இந்திரநீல் சென்குப்தாவின் வெரிலாக் பாடம் இலவசம். எச்.டி.எல்.பிட்ஸ் என்கிற பயிற்சித் தளமும் இலவசம். ஐகாரஸ் வெரிலாக், ஜி.டி.கே.வேவ் இரண்டையும் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளக் காசே வேண்டாம். பேங்க்கில் டோக்கன் நம்பர் காட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன சர்க்யூட்டை எழுதி, அதைச் சோதித்த விவரத்தோடு மிச்ச 13 மெயிலையும் அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது. ஒன்று 'இடமில்லை'. இன்னொன்று 'வியாழக்கிழமை பேசலாமா?'

அந்த வியாழக்கிழமை மூன்றாவது கேள்வியிலேயே பல்பு. "மெட்டாஸ்டபிலிட்டின்னா என்ன?" எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அந்தத் தலைப்பைப் பார்த்த ஞாபகம் மட்டும் இருந்தது. கதை விடலாமா என்று ஒரு நொடி யோசித்து, "தெரியாது சார்" என்றேன். "நாளைக்குள்ள மெயில் பண்ணு" என்றார். ராத்திரி உட்கார்ந்து படித்து எழுதினேன். பீச் - செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயினில், வண்டி நகர ஆரம்பிக்கிற அந்த ஒரு விநாடியில் ஏற முயற்சி பண்ணுகிறவன் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அதே மாதிரி, கிளாக் துடிக்கிற அதே நேரத்தில் சிக்னலும் மாறினால், ஃபிளிப்-ஃபிளாப் 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் கொஞ்ச நேரம் தொங்கும். அதனால்தான் ரயில் நிற்கும்போதே ஏறி, கிளம்பின பிறகும் கம்பியைப் பிடித்தபடி நிற்கச் சொல்கிறார்கள். மறுநாள் பதில் வந்தது. 'திங்கள்கிழமை சேர்ந்துகொள்.'

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவே இல்லை. "ஆபீஸ் எங்க இருக்கு?"

"பெங்களூர்ல. ஆனா நான் வீட்லருந்தே பண்ணலாம்மா."

"ஆபீஸுக்கே வர வேணாம்கிறானா? காசு கேட்டா உடனே எங்கிட்ட சொல்லு."

வேலை என்ன தெரியுமா? யூ.ஏ.ஆர்.டி. என்கிற சின்ன பிளாக். இரண்டு கருவிகள், ஒரு திசைக்கு ஒரு ஒயர் என்று வைத்துப் பேசிக்கொள்ளும் பழைய முறை. ஜி.பி.எஸ். மாட்யூலோ ஆர்டுயினோவோ கம்ப்யூட்டரோடு பேசுவது இப்படித்தான். அதில் கேட்கிற பாகம், அதாவது ரிசீவர், என் பொறுப்பு. வருகிற எழுத்துகளை வரிசையில் நிறுத்தி வைக்க ஒரு க்யூவும் நான்தான் செய்ய வேண்டும். அந்த க்யூவிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிற அடுத்த பிளாக், மதுரையிலிருந்து செய்த இன்னொரு இன்டர்ன் அண்ணாவுக்கு.

வெரிலாக் பார்க்க 'சி' மாதிரியே இருக்கும். நம்பிடாதீங்க! 'சி'யில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி ஓடும். வெரிலாக்கில் நீங்கள் எழுதுவது ஓடுகிற புரோகிராம் இல்லை, சர்க்யூட். எழுதினது எல்லாமே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி, சாம்பார் முடிந்த பிறகுதான் ரசம் என்றெல்லாம் காத்திருக்காது. இது மண்டையில் ஏற எனக்குப் பத்து நாள் ஆனது.

ஆபீஸ் என்றால் பக்கத்து சீட்டில் யாரையாவது எட்டிக் கேட்கலாம். வீட்டில்? முதல் வாரம் ஒரு சாஃப்ட்வேர் ஏறவில்லை என்று மூன்று நாள் முட்டிக்கொண்டேன். கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று பயம். கடைசியில் ஒரு ஃபோல்டர் பெயரில் நடுவே ஒரு ஸ்பேஸ்! மென்ட்டர் அன்றைக்கே ஒரு சட்டம் போட்டார். "ஒரு மணி நேரம் நீயே போராடு. அப்புறம் கேளு. கேக்கும்போது என்னென்ன பண்ணிப் பாத்தேன்னு எழுதிக் கேளு." அப்படி எழுத ஆரம்பித்தால் பாதி நாள் கேள்வி அனுப்பும் முன்பே பதில் கிடைத்துவிடும்.

இனிமேல்தான் மேட்டர்.

டிசைன் எழுதுவது பாதி வேலைகூட இல்லை. அது சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதுதான் பெரிய வேலை. அதற்கு 'டெஸ்ட் பெஞ்ச்' என்று இன்னொரு புரோகிராம் எழுத வேண்டும். என் ரிசீவருக்கு டேட்டா அனுப்ப ஒரு சென்டர் வேண்டும் இல்லையா? அதையும் நானே எழுதினேன். 0-விலிருந்து 255 வரை மொத்தம் 256 எண்களையும் அனுப்பிப் பார்த்தேன். 256-ம் பாஸ்! இருந்தாலும் ஒன்றையாவது கண்ணால் பார்க்கலாம் என்று, 66 வருகிற இடத்தை மட்டும் ஸ்பெசிஃபிகேஷனோடு ஒப்பிட்டு, அலைவடிவத்தில் ஒவ்வொரு பிட்டாக எண்ணினேன். கரெக்ட். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை 'எல்லாம் பாஸ்' என்று ரிப்போர்ட் அனுப்பிவிட்டு, பீச்சுக்குப் போய் பஜ்ஜி சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பிள்ளையாரின் தும்பிக்கையைச் செதுக்கப் போகிறார். காவியில் கோடெல்லாம் போட்டாயிற்று. ஆனால் உளியை எடுக்காமல், பக்கத்துப் பட்டறைப் பெரியப்பாவைக் கூப்பிட்டார். அவர் தன்னுடைய கோலை எடுத்து வந்து, முதலிலிருந்து அளந்தார்.

"ஏம்ப்பா, நீங்கதான் ரெண்டு வாட்டி அளந்தீங்களே?"

"என் கோல்லயே தப்பு இருந்தா? ரெண்டு வாட்டி அளந்தா ரெண்டு வாட்டியும் அதே தப்புதான் கண்ணு வரும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காப்பி தொண்டையில் நின்றது. ரிசீவரை எழுதினது நான். சென்டரை எழுதினதும் நான்!

உள்ளே ஓடி, என் சென்டரைத் தூக்கிவிட்டு, வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்த ஒரு யூ.ஏ.ஆர்.டி. சென்டரை இணைத்தேன். ஓட்டினேன். 256-ல் 240 ஃபெயில்.

என்ன ஆச்சுன்னா, யூ.ஏ.ஆர்.டியில் எண்ணின் கடைசி பிட்தான் முதலில் வரும். மொபைல் நம்பரைக் கடைசி எண்ணிலிருந்து சொல்கிற மாதிரி. நான் முதலிலிருந்து வரும் என்று நினைத்து ரிசீவரை எழுதியிருந்தேன். அதே தப்பான நினைப்போடு சென்டரையும் எழுதினேன். இரண்டு தப்பும் கை கோத்துக்கொண்டு 'பாஸ்' என்று சொல்லிவிட்டன. 'ஏ' என்கிற ஆங்கில எழுத்துக்கு எண் 65, பைனரியில் 01000001. அது எனக்கு 10000010, அதாவது 130 என்று வருகிறது. நான் கண்ணால் சரிபார்த்த 66? அது 01000010. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதேதான். 256 எண் இருக்க, நான் போய்ப் பிடித்தது அதை!

திருத்துவது ஒரே வரி. பத்து நிமிஷத்தில் திருத்திவிட்டேன். இப்போது 256-ம் நிஜமாகவே பாஸ். ஆனால் 'எல்லாம் பாஸ்' என்று ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே போயாச்சே! சொன்னால் என்ன ஆகும்? சர்ட்டிஃபிகேட் கிடைக்காதோ? "43 மெயில் போட்டு வாங்கினதை ஒரு வரியில் தொலைச்சியா"ன்னு வீட்டில் கேட்பார்களோ? சத்தமில்லாமல் புது ஃபைலை ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

எங்க ஊரில் பாதியில் நின்றுபோன வேலைகள் நிறைய. பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் எல்லாம் முடிக்காமலே விட்டவைதான். 1,300 வருஷம் கழித்து அதையும் டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுக்கிறார்கள். என் இன்டர்ன்ஷிப் பாதியில் நின்றால் யார் வந்து எடுப்பார்கள் என்றெல்லாம் அன்று ராத்திரி மொக்கையாக யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

திங்கள்கிழமை மீட்டிங்குக்குப் போகவில்லை. 'கரன்ட் இல்லை சார்' என்று ஒரு மெசேஜ். அன்றைக்கு மாமல்லபுரத்தில் கரன்ட் நன்றாகவே இருந்தது. ஃபேன் காற்றில் உட்கார்ந்துதான் அதை டைப் பண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை காலை மியூட்டை எடுத்தேன். "சார், வெள்ளிக்கிழமை நான் அனுப்பின ரிப்போர்ட் தப்பு." தும்பிக்கை, பெரியப்பா, கோல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று பார்த்தால், "வேற சென்டர் போட்டப்போ எத்தனை சரியா வந்துச்சு?" என்றார்.

"16 சார்."

"ஏன் கரெக்டா 16?"

அந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. நோட்டில் கிறுக்கினேன். திருப்பிப் படித்தாலும் அதே எண் என்றால், முதல் நாலு பிட்டை நாம் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம், அடுத்த நாலும் அதன் கண்ணாடி பிம்பம். அப்போ 2 x 2 x 2 x 2. "விகடகவி மாதிரி சார்! பதினாறு விகடகவிதான் இருக்க முடியும்!"

"ம். இதையும் ரிப்போர்ட்ல எழுது. பழைய ரிப்போர்ட்டை அழிக்காதே, அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழே எழுது." அப்புறம்தான் குரல் மாறியது. "தப்பு வரும். அதுக்காகத்தான் சோதிக்கிறோம். ஆனா ஞாயித்துக்கிழமை தெரிஞ்சதை செவ்வாய்க்கிழமை ஏன் சொல்ற? உன் ரிசீவரை வெச்சு மதுரைல ஒருத்தர் வேலை பாத்துட்டு இருக்கார். ஞாபகம் இருக்கா?"

இல்லை. சுத்தமாக இல்லை.

அவருக்கு போன் பண்ணினேன். அதுவரை சாட்டில் மட்டும்தான் பேசியிருக்கிறோம். விஷயத்தைச் சொன்னதும், "அட, உங்களோடதா அது?" என்றார். "சனிக்கிழமைலருந்து என் கோடுலதான் தப்புன்னு தேடிட்டு இருக்கேன். ரெண்டு வாட்டி முழுசா அழிச்சு எழுதினேன். நேத்து ராத்திரி, இந்த ஃபீல்டே நமக்கு செட் ஆகாதுபோலன்னு வீட்ல சொல்லிட்டேன்."

அவர் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. சனி, ஞாயிறு போனது என் அறியாமையால். ஆனால் அந்தத் திங்கள்கிழமை? நான் ஃபேன் காற்றில் உட்கார்ந்து கரன்ட் இல்லை என்று டைப் பண்ணின அந்த ஒரு நாளை நான் அவருக்கு எப்படித் திருப்பித் தர முடியும்? 'சாரி' என்று நாலு தடவை சொன்னேன். "விடுங்க, எனக்கில்ல தப்புன்னு தெரிஞ்சதே போதும்" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

அந்த வாரம் மென்ட்டர் எங்கள் இருவருக்கும் ஒரு கதை சொன்னார். 1994-ல் இன்டெல்லின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்கு மட்டும் தப்பாக வந்தது. உள்ளே ஒரு பட்டியலில் ஐந்து இடங்கள் விடுபட்டுப்போனதுதான் காரணம். கண்டுபிடித்தது அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்கிற கணக்குப் பேராசிரியர், தன் ஆராய்ச்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும்போது. சிப்புகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்கியது 47.5 கோடி டாலர். சாஃப்ட்வேர் என்றால் அப்டேட் அனுப்பலாம். சிலிக்கானில் பதிந்ததை அழித்து எழுத முடியாது. "கருங்கல் மாதிரி" என்று நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். பின்னணிச் சத்தம் அவருக்குப் பழகிவிட்டது!

கடைசி மூன்று வாரம் சடசடவென்று போனது. வெரிலாக்கை கேட்டுகளாக மாற்றி, இடம் ஒதுக்கி, ஒயர் இழுக்க வேண்டும். சிப் தொழிற்சாலைகள் பொதுவாக ரகசியமாக வைத்திருக்கும் விவரங்களை, 130 நானோமீட்டருக்கு மட்டும் கூகுளும் ஸ்கைவாட்டரும் 2020-ல் இலவசமாகத் திறந்துவிட்டன. என்னை மாதிரி ஆட்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து இதைச் செய்ய முடிவது அதனால்தான். ஓப்பன்லேன் என்கிற இலவசக் கருவியை வளர்த்த எஃபேப்லெஸ் கம்பெனி 2025-ல் மூடப்பட்டுவிட்டது. நல்லவேளை, கருவி பொதுச்சொத்து, அது சாகவில்லை. என் லேப்டாப்தான் சாகப் பார்த்தது! ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின செகண்ட் ஹேண்ட், 8 ஜி.பி. ராம். ஓப்பன்லேன் ஓடும்போது டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டிருப்பேன். "ஃபேன் உனக்கா, அதுக்கா?" என்பார் அம்மா.

எட்டாவது வாரம் லேஅவுட் வந்தது. கலர் கலராகக் கோடுகள், பட்டுப்புடவைக் கரை மாதிரி. நிஜ சிப்பாக அடிக்கவெல்லாம் இல்லை, பயிற்சிதான். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"நிஜத்துல எவ்ளோ பெருசு இருக்கும்?"

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு தலைமுடியைச் சேத்து வெச்ச அகலம்ப்பா."

"இதுக்கா எட்டு வாரம்?" என்றார். பிறகு, "எதிரே வெச்சு அளந்தது யாரு?" என்று கேட்டார். "மதுரைல ஒரு அண்ணா" என்றேன். தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சர்ட்டிஃபிகேட் பி.டி.எஃப்பாக வந்தது. ஸ்டைப்பெண்ட் கணக்கில் ஏறின அன்றுதான் அம்மாவுக்கு அந்தக் கம்பெனி நிஜம் என்று நம்பிக்கை வந்தது. என் ஃபைனல் ரிப்போர்ட்டின் நாலாம் பக்கத்தில் இப்போதும் 'எல்லாம் பாஸ்' என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே '256-ல் 16' என்றும்.

மதுரை அண்ணா இந்த ஃபீல்டை விடவில்லை. காலேஜ் புராஜெக்டுக்காக நான் எழுதுவதற்கு அவர் டெஸ்ட் பெஞ்ச் எழுதுகிறார், அவர் எழுதுவதற்கு நான். இன்னும் நேரில் பார்த்ததில்லை. நேற்று ராத்திரி 11.40-க்கு அவருடைய டைமரில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். இந்நேரத்தில் எழுப்ப வேண்டாம், காலையில் சொல்லிக்கலாம் என்று லேப்டாப்பை மூடினேன். அப்புறம் திறந்து, அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன்.